பிள்ளை வயிறு வலிக்குது என்றால்...

புக்கிட் பெலண்டோக்கை நாம் மறந்திருக்க மாட்டோம். 1998 செப்டம்பரில் பேராவில் தொடங்கிய நிப்பா நோய், மறு ஆண்டு அந்த வட்டாரத்தைக் கலங்கடித்தது. நாட்டில் 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. சனங்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நோய் நின்றது. ஆனால், அதைக் கண்ட பிள்ளைகளின் மனசில் ஏறிய பயம் அத்தனை சீக்கிரம் இறங்குமா?

2020இல் கோவிட்டால் பள்ளிகள் மூடியபோதும் இதே கதைதான். பாடம் கைப்பேசியில் வந்தது. பயம் நெஞ்சிலேயே தங்கியது.

"அம்மா, வயிறு வலிக்குது, ஸ்கூலுக்குப் போகல" என்று பிள்ளை அழுதால், "நடிக்காதேடா" என்று அதட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். முதலில் கிளினிக்கில் காட்டுவோம். நோய் ஒன்றுமில்லை என்றால், அது மனக்கவலையாகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெல்ல விடப் பழக்குவோம். இரவில் கைப்பேசியை வாங்கி வைத்து, நன்றாகத் தூங்க விடுவோம்.

அதே கைப்பேசி உதவிக்கும் வரும். 15555, சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய மனநல உதவி எண். 15999, தாலியான் காசே. இதில் 24 மணி நேரமும் பேசலாம், வாட்ஸ்அப்பும் உண்டு. கூப்பிடுவதில் வெட்கமில்லை.

மரத்தில் காயம் படாமல் பால் வெட்டத் தெரிந்தவர்கள் நாம். பிள்ளை மனசையும் அப்படியே பார்த்துக்கொள்வோமே!