ஆற்று மீனும் அணைக்கட்டும்

நீர்மின்வலுவைப் பற்றி வகுப்பிலே பாடஞ் சொல்லும்போது, பல ஆண்டுகளாக நான் ஒரு கருத்தைத் தவறாமற் கூறி வந்தேன். “நிலக்கரி எரிந்தாற் சாம்பலாகும், எண்ணெய் எரிந்தாற் புகையாகும், நீரோ சுழலியைச் சுழற்றிய பின் குறைவின்றி ஆற்றையே சேரும். ஆதலால் இவ்வலுவினால் எவருக்கும் நட்டமில்லை” என்பதே அது. 1950ஆம் ஆண்டில் லக்சபானா நிலையம் இயங்கத் தொடங்கியது முதலாக, மலைநாட்டு ஆறுகளைக் கொண்டு விளக்கேற்றி வரும் நமக்கு இக்கருத்து உவப்பானதே. ஆயினும் ஒருநாள், வாவிக்கரையில் வலையோடு வளர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, நீர் கீழே இறங்கி ஆற்றைச் சேர்ந்துவிடும். மேலே போகவேண்டிய மீன் எந்த வழியாற் போகும்?” என்று வினவினான். அன்று என்னிடம் தக்க விடை இருக்கவில்லை. பின்னர் அதனைத் தேடிப் படித்தபோது அறிந்த ஓர் ஆற்றின் வரலாற்றையே இன்று உங்களுக்கு எடுத்துக் கூற விரும்புகின்றேன்.

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியை ஈசான் என்பர். வடகிழக்குத் திசையைக் குறிக்கும் ஈசானம் என்னும் சொல்லே அங்கு இவ்வாறு வழங்குகின்றது. அப்பகுதியின் பேராறு மூன் ஆறு. அறுநூறு கிலோமீற்றருக்கு மேலாகக் கிழக்கு நோக்கி ஓடி, உபோன் ராச்சதானி மாகாணத்திலே கோங் சியம் என்னுமிடத்தில் அது மீக்கோங் ஆற்றோடு கலக்கின்றது. கலக்குமிடத்துக்கு அண்மையில் ஆற்றின் அடியெல்லாம் பாறை. நீர் பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் விரைவோட்டங்கள் அங்கு பலவாகும். ஆழமான மடுக்களும் உண்டு.

மழைக்காலந் தொடங்கி நீர் கலங்கிச் சிவக்கும்போது, மீக்கோங் ஆற்றிலிருந்து மீன்கள் கூட்டங் கூட்டமாக மூன் ஆற்றினுள் ஏறும். மேலேயுள்ள கிளையாறுகளிலும் வெள்ளம் பரந்த தாழ்நிலங்களிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, வெள்ளம் வடியும்போது அவை கீழிறங்கும். எந்த மாதத்தில் எந்த மீன் வரும், அது எப்பாறையிடுக்கில் ஒதுங்கும், அதற்கு எவ்வகைப் பொறி வேண்டும் என்பனவெல்லாம் கரையோரக் கிராமத்தவர் தந்தை வழியாகவும் பாட்டன் வழியாகவும் அறிந்திருந்தனர். அவர்களது நிலம் வளங்குன்றியது; நெல் விளைச்சல் சொற்பம். ஆதலால் மீனைப் பிடித்து, உப்பிட்டுப் புளிக்கவைத்து, நெல் விளையும் ஊர்களுக்குக் கொண்டு சென்று அரிசிக்கு மாற்றினர். நம்முடைய கரையோரத்தவருக்குக் கருவாடு எத்தகையதோ, அவர்களுக்கு அது அத்தகையது.

இவ்வாறு மீன் ஏறும் வாசலிலேதான் பாக் மூன் அணை எழுந்தது. ஆறுகள் கலக்குமிடத்திலிருந்து ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீற்றர் மேலே, 17 மீற்றர் உயரமும் 300 மீற்றர் நீளமும் உடையதாக, உலக வங்கியின் கடனுதவியோடு தாய்லாந்தின் மின்னுற்பத்தி அதிகாரசபை அதனைக் கட்டியது. 1990இல் தொடங்கிய வேலை 1994இல் நிறைவெய்தியது. அங்கு பொருத்தப்பட்ட சுழலிகளின் மொத்த வலு 136 மெகாவாற்று.

கட்டியவர்கள் மீனை அறவே மறந்துவிட்டனர் என்று கூறுதல் நியாயமாகாது. அணையின் ஒருபுறத்தில் மீன்படி என்னும் அமைப்பையும் அவர்கள் ஏற்படுத்தினர். படிப்படியாக அமைந்த தொட்டிகளில் நீர் வழிந்திறங்கும். மீன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி மேலேற வேண்டும். வட அமெரிக்க ஆறுகளிலே தாவும் இயல்புடைய சல்மன் மீனுக்கு இத்தகைய படிகள் உதவியதுண்டு. ஆனால் மீக்கோங்கின் மீன்கள் பெரும்பாலும் தாவுவனவல்ல. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி ஏறுவன. ஆகவே படி இருந்தும் அவற்றுக்குப் பயன்படவில்லை.

இரண்டாவது ஏற்பாடு நீர்த்தேக்கத்தில் மீன் வளர்த்தல். அணைக்கு முன்னர் நடந்த சூழல் ஆய்வு, தேங்கிய நீரிலே மீன் விளைவு பெருகும் என எதிர்வு கூறியது. அணையின் இடம் பின்னர் மாற்றப்பட்டபோதும் அவ்வாய்வு மீண்டும் செய்யப்படவில்லை. நீர்த்தேக்கத்திலே பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுகளையும் விட்டனர். அவ்விறால் நன்னீரில் வளருமாயினும், அதன் இளங்குஞ்சு உயிர்தரிக்க உவர்நீர் வேண்டும். கடலினின்றும் மிகத் தொலைவிலுள்ள அவ்விடத்தில் அது தானாகப் பெருக வழியில்லை. ஆண்டுதோறும் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். களப்பை அறிந்த நம்மவர் எவரும் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

உலக அணைகள் ஆணைக்குழு பாக் மூன் அணையைத் தனியாக ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அணைக்கு முன்னர் மூன் ஆற்றுப் படுகையில் 265 வகை மீன்கள் பதிவாகியிருந்தன. பின்னர் அணைக்கு மேலே 96 வகைகளே பிடிபட்டன. மேற்புறத்து ஆற்றில் மீன்பிடி 60 முதல் 80 சதவீதம் வரை குறைந்துவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட விரைவோட்டங்கள் நீருள் அமிழ்ந்தன. மின்சாரக் கணக்கும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. மழைக்காலத்தில் மீக்கோங் பெருகும்போது அணையின் கீழ்ப்புற நீர்மட்டம் உயரும். இருபுறத்து மட்ட வேறுபாடு குறைந்தால் சுழலிகள் சுழலா. கோடையிலோ மூன் ஆற்றில் நீர் போதாது. ஆகவே உச்சத் தேவை நேரத்தில் நம்பத்தக்க வலு 21 மெகாவாற்று அளவே என ஆணைக்குழு கணித்தது. மின்னுற்பத்தி அதிகாரசபை இம்முடிவுகளை ஏற்காது மறுத்துரைத்தது என்பதையும் கூறுதல் வேண்டும்.

மீனவர் அணை வேலை தொடங்கு முன்னரே தம் அச்சத்தைத் தெரிவித்தவர்கள். அவர்களது வலையும் பொறியும் வெறுமையான பின்னரே, 1995இல், கட்டுமானக் காலத்து இழப்புக்காக 3,955 குடும்பங்களுக்குத் தலா 90,000 பாத் ஈடாக வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. அது மூன்று ஆண்டுக்கான கணக்கு. ஆற்றின் மீனோ ஆண்டுதோறும் வருவது, பேரனுக்கும் வரவேண்டியது. எனவே 1999 மார்ச்சு மாதத்தில் கிராமத்தவர் அணையின் அருகிலேயே குடில்கள் அமைத்துக் குடியேறினர். “மூன் அன்னை நெடிது வாழ்க” என்ற பொருளில் அக்குடியிருப்புக்குப் பெயருமிட்டனர்.

2001ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அரசாங்கம் பரீட்சார்த்தமாக அணையின் வான்கதவுகளைத் திறந்துவிட்டது. அப்பொழுது கிராமத்தவர் தாமே ஆராய்ச்சியாளராயினர். பிடிபட்ட மீன் ஒவ்வொன்றையும் படம்பிடித்து, ஊர்ப்பெயர், வரும் காலம், தங்கும் இடம் முதலியவற்றைக் குறித்துக்கொண்டனர். 156 வகை மீன்கள் மீண்டு வந்தன என அவர்கள் பதிவு செய்தனர். பள்ளிப் படிப்பு அதிகமில்லாதோர் இயற்றிய அப்பதிவு, பின்னர் அந்நாட்டின் ஏனைய ஆற்றங்கரை மக்களுக்கும் வழிகாட்டியாயிற்று. 2002இன் இறுதியில், கதவுகளை ஆண்டுக்கு நான்கு மாதம் திறந்துவைப்பதென அரசாங்கம் முடிவு செய்தது. மீனவர் கேட்டதோ ஆண்டு முழுவதும். ஆகவே பிணக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

நேயர்களே, மின்சாரம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. மண்ணெண்ணெய் விளக்கிலே கண் கசங்கப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் யான். ஒரு மின்குமிழின் அருமையை நன்கறிவேன். கூறவந்தது இதுவே: மின்வலுவை அளக்க மானி உண்டு, அதன் அலகைக் கணக்கில் எழுதுகின்றோம். ஏழை வீட்டுச் சட்டியில் வேகும் மீனை எவரும் அளந்து எழுதுவதில்லை. எழுதப்படாதது இல்லாததாகவே கருதப்பட்டு விடுகின்றது. பாக் மூனில் அவ்வளவையை முதலில் எடுத்திருந்தால், அணை வேறோரிடத்தில் எழுந்திருக்கலாம், வேறு வகையில் அமைந்திருக்கலாம், எழாமலே விட்டுமிருக்கலாம். மீன் போன பின் ஈடு கொடுப்பதிலும், மீன் இருக்கும்போதே மீனவனைக் கேட்பது மலிவானது, நேர்மையானதுமாகும்.

இப்பொழுது நான் பழைய பாடத்தை மாற்றிச் சொல்கின்றேன். நீர் குறைவின்றி ஆற்றைச் சேர்வது உண்மை. ஆனால் ஆறு என்பது நீர் மாத்திரமன்று. அதன் வழியே மேலுங் கீழும் செல்லும் உயிர்களும், அவ்வுயிர்களை நம்பி வாழும் மாந்தருங் கூடியதே ஆறு. அன்று வினவிய மாணவனுக்கு விடையளிக்க எனக்குச் சில மாதங்கள் சென்றன. “தம்பி, மீன் போகும் வழியை முதலில் உன் தந்தையைப் போன்றவரிடம் கேட்டறிந்து, அதன் பின்னரே அணையின் படத்தை வரைய வேண்டும்” என்றேன். அவன் அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.