எட்டும் பன்னிரண்டும்

உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் பலர் முதற் சம்பளம் கண்டதும் விரும்புவது தவணைமுறை மோட்டார் சைக்கிளையே. ஆசை தவறன்று. ஆயின் தவணையும் பெற்றோலும் போக வீட்டிற்குக் கொடுக்க எஞ்சுவது எவ்வளவு என முதலிற் கணக்கிடல் நன்று. அதுவரை பஸ்ஸும் துவிச்சக்கர வண்டியும் நமக்கு இழிவல்ல.

தவணைக்கு அஞ்சாத நாம், ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் கழிக்கப்படுவதற்கு மனம் வருந்துகிறோம்! முதலாளி தம் பங்காக 12 வீதம் செலுத்துவதை மறந்துவிடுகிறோம். 30,000 ரூபா சம்பளத்தில் கழிவது 2,400 ரூபா. கணக்கிற் சேர்வதோ 6,000 ரூபா. இது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த உரிமை. பணம் உரியபடி செலுத்தப்படுகிறதா என ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது நம் கடமை. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது முதியோர் வாக்கன்றோ?