ஊன்றாணியும் சுரையும்

இருசு என்பது வண்டியின் சுமையைத் தாங்கும் குறுக்குத் தண்டு. அதன் முனையில் சுழலும் நடுவுறுப்பு குடம். குடத்தோடு சேர்ந்து நிலத்தில் உருள்வது உருளி. மாட்டுவண்டி செய்த தச்சர் வழங்கிய இச்சொற்கள் இன்றைய சரக்குந்துக்கும் குறைவின்றிப் பொருந்துகின்றன. மாறியது ஒன்றுதான். வண்டியில் குடமும் உருளியும் ஒரே உறுப்பு. அது கழன்றோடாதவாறு இருசின் முனையில் கடையாணி காத்தது. சரக்குந்தில் குடம் வேறு, உருளி வேறு. உருளியை மட்டும் கழற்றி மாட்டும் தேவை பிறந்தபோது, கடையாணி ஒன்றின் கடமை பல ஆணிகளுக்குப் பங்கிடப்பட்டது. குடத்தின் முகத்தில் வட்டமாக ஊன்றப்பெற்று வெளிநோக்கி நிற்கும் புரியுடைய எஃகுத் தண்டினை ஊன்றாணி என்றும், அதன்மேல் திருகி உருளியை அழுத்தும் உட்புரி உறுப்பினைச் சுரை என்றும் இங்கு வழங்குவோம். பட்டறையில் இவை ஸ்டட்டு, நட்டு. உட்டுளை உடையதைச் சுரை என்பது பழந்தமிழ் வழக்காதலால், புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

உருளியைக் குடத்தின்மேல் நடுப்படுத்தும் முறை இருவகைப்படும். ஆணிவழி நடுப்பாட்டில் உருளித்தட்டின் துளைகள் கூம்பாகக் குழிந்திருக்கும். கூம்புமுகச் சுரை அக்குழியில் அமர்ந்து உருளியை நடுவுக்கு ஈர்க்கும். குடவழி நடுப்பாட்டில் தட்டின் நடுத்துளை குடத்தின் விளிம்பில் அமர்ந்து நடுவைத் தானே கண்டுகொள்ளும். தட்டைமுகச் சுரைக்கு இறுக்கும் வேலை மட்டுமே உண்டு. பின்வகையில் பரவலாக உள்ள பத்தாணி அமைப்பில் நடுத்துளை 281 மி.மீ., ஆணிகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 335 மி.மீ., ஆணியின் தடிப்பு 22 மி.மீ., புரியிடை 1.5 மி.மீ. ஆகும். கூம்புக்குழியில் தட்டைச் சுரையை இட்டால் அது விளிம்பை மட்டுமே தொடும். தட்டைத் துளையில் கூம்புச் சுரையை இட்டால் அது துளையின் ஓரத்தைக் கடித்துச் சிதைக்கும். இரண்டும் ஒரே புரியுடையனவாக இருப்பின் கைக்கு இறுகியது போலவே தோன்றும் என்பதே இதிலுள்ள ஏதம்.

பழைய சரக்குந்துகளில் வலப்பக்க ஆணிகளுக்கு வலம்புரியும் இடப்பக்க ஆணிகளுக்கு இடம்புரியும் அமைத்தனர், உருளும்போது சுரை தளராதிருத்தற்பொருட்டு. 

இனி, நெறி. உருளியின் சுமை ஊன்றாணிகளின்மேல் தொங்குவதாகப் பலரும் எண்ணுவர்; அவ்வாறன்று. குடவழி அமைப்பில் 22 மி.மீ. ஆணி நுழையும் துளை 26 மி.மீ. அகலமுடையது; முறையாக இறுக்கிய உருளியில் ஆணி துளைச்சுவரைத் தொடுவதே இல்லை. சுமையைத் தாங்குவது உராய்வு. சுரையை ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கும்போது, அவ்விசையில் பத்தில் ஒன்பது பங்கு சுரையின் அடியிலும் புரிகளிலும் உராய்வாகக் கழிகிறது. எஞ்சிய ஒரு பங்கே ஆணியை இழுத்து நீட்டுகிறது. அந்த ஒரு பங்கே ஒவ்வோர் ஆணியிலும் 13 டன் எடைக்கு மேற்பட்ட பற்றுவிசையைப் பிறப்பிக்கும். பத்தாணிகளும் சேர்ந்து உருளித்தட்டைக் குடத்தோடு ஏறத்தாழ 135 டன் எடையால் அழுத்துகின்றன. அதன் உராய்வு 20 டன் சுமையை வழுக்காமல் நிறுத்த வல்லது. 2018இல் நடுவணரசு உயர்த்திய வரம்பின்படி நான்கு உருளிகள் பூண்ட தனி இருசுக்கு 11.5 டன், அதாவது பக்கத்துக்கு ஆறு டன்னுக்கும் குறைவு. இறுக்கம் பாதியானால் பள்ளத்தில் விழும் ஒரு குலுக்கலே அக்காப்பைத் தின்றுவிடும்; பின்னர் தட்டு ஆணிகளை இருபுறமும் இடித்து, வளைத்து, முறிக்கும்.

அவ்வாணி எவ்வளவு நீள்கிறது? அழுத்தப்படும் தடிப்பு 50 மி.மீ. எனின், நீட்சி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தட்டுக்கும் குடத்துக்கும் இடையே பூசிய வண்ணப்படலமோ துருத்தூளோ அதே அளவு நசுங்கிப் போனால், 13 டன் விசையும் போயிற்று. சுரை இருந்த இடத்தில்தான் இருக்கும். பிடிப்பு மட்டும் இராது.

ஆலையில் பூட்டிய எஃகு உருளிகளை நீக்கி அலுமினியக் கலவை உருளிகளை மாட்டுவோர் இக்கணக்கை மீண்டும் போடல் வேண்டும். அலுமினியத் தட்டு எஃகுத் தட்டினும் தடிப்பு மிக்கது. பின் இருசில் இரண்டு தட்டுகள் அடுக்கப்படுவதால் வேறுபாடு இரட்டிக்கும். பழைய ஊன்றாணியையே நம்பினால் சுரை நாலைந்து புரிகளைப் பற்றியதோடு நின்றுவிடும், அப்புரிகள் உரிந்துபோகும். ஆணியின் முனை சுரையைக் கடந்து ஓரிரு புரியேனும் வெளியே தோன்ற வேண்டும். இன்றேல் நீண்ட ஊன்றாணி, அல்லது துளைக்குள் புகும் குழற்சுரை வேண்டும். தரம் 10.9 என்னும் முத்திரையும் ஆணியின் தலையில் இருத்தல் நன்று: முதலெண் சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் இழுவலிமையையும், பின்னெண் அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை ஆணி நிலையாக நீளாது மீளும் என்பதையும் குறிக்கும். விலை மலிந்த முத்திரையிலா ஆணியை வாங்குவோர் மிச்சப்படுத்துவது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

செங்கற்பட்டுச் சுற்றில் கல்லும் மணலும் ஏற்றித் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைச் சாலைக்கு இறங்கும் உந்துகளுக்கு இன்னுமொரு பகை உண்டு. உப்புக்காற்றின் ஈரம் படிந்த இடத்தில் எஃகும் அலுமினியமும் தொட்டு நின்றால், அவ்விடம் சிறு மின்கலமாகி அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகும். இடையே காப்புத் தகடு இடுவது இதனாலேயே. பல்லவர் ஏழாம் நூற்றாண்டில் மாமல்லபுரத்தில் செதுக்கிய கல் தேர்களுக்கு உருளியே இல்லை, இத்தொல்லைகளும் இல்லை.

பட்டறைகளில் நீண்ட குழாயைத் திறவுகோலில் செருகி அதன்மேல் ஏறி நின்று இறுக்கும் வழக்கத்தை எள்ளி நகையாடுதல் வேண்டா. 70 கிலோ எடையுள்ளவர் 90 செ.மீ. தொலைவில் அசையாது நின்றால் 618 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். கணக்கு அழகாகவே வருகிறது. ஆனால் அவர் நிற்பதில்லை, குதிக்கிறார். அளவுகாட்டும் முறுக்குக்கோல் ஒன்று பட்டறைதோறும் இருத்தல் வேண்டும். முகங்களைக் கம்பித் தூரிகையால் துலக்கி, வண்ணம் நீக்கி, ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குக. செங்கற்பட்டில் உருளி மாற்றிப் புறப்பட்டவர் திண்டிவனத்தில் தேநீருக்கு நிறுத்துவார். உருளி ஆறியதும், தேநீருக்கு முன்போ பின்போ, முறுக்குக்கோலை எடுத்துப் பத்துச் சுரைகளையும் மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்குமாறு வேண்டுகிறேன்.