கலையால் ஊர் வளம் பெறும் வழி

நகர வாழ்வின் அபிவிருத்தி என்றதும் சாலை, குடிநீர், விளக்கு, வடிகால் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓர் ஊரின் மக்கள் அங்கேயே தங்கிப் பிழைப்பதற்கும், அவ்வூரின் பெயர் வெளியில் மதிப்புடன் வழங்குவதற்கும் வேறொரு செல்வமும் துணை செய்கிறது. அவ்வூராரின் கலையும் கைத்திறனுமே அச்செல்வம். இதைக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்ற எண்ணம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ 2004ஆம் ஆண்டில் 'படைப்பாக்க நகரங்கள்' என்றதோர் அமைப்பைத் தொடங்கியது. 2015இல் ஜெய்ப்பூர் கைவினைக்காகவும், 2017இல் சென்னை இசைக்காகவும் அதில் இடம் பெற்றன.

பட்டியலில் பெயர் ஏறுவதால் மட்டும் எவர் வீட்டிலும் அடுப்பு எரிந்துவிடாது. கலையிலிருந்து வரும் வருமானம் யாருக்குச் சேருகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடை காணச் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் வரலாறு நமக்கு உதவும்.

1850ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை ஓவியக் கல்லூரி, இந்நாட்டின் பழமையான கலைக் கல்விச் சாலைகளுள் ஒன்று. 1957 முதல் அதன் தலைவராக இருந்தவர் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர். திறமை மிக்க மாணவர்கள் படிப்பை முடித்து வெளியேறினார்கள். ஆனால் ஓவியத்தை விலைக்கு வாங்குவோர் அந்நாளில் மிகச் சிலரே. வயிற்றுப்பாட்டுக்காக வேறு உத்தியோகத்தை நாடினால் கலை கைநழுவிப் போகும். கலையையே பற்றி நின்றால் குடும்பம் பட்டினி கிடக்கும். இந்த இக்கட்டுக்கு அவர்கள் கண்ட பரிகாரம் கைத்தொழில்.

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஒரு சங்கமாகக் கூடினார்கள். துணியில் வேண்டிய இடங்களில் உருகிய மெழுகைப் பூசிச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது; பின்னர் வெந்நீரில் மெழுகை நீக்கினால் சித்திரம் தெளிவாக நிற்கும். பாத்திக் எனப்படும் இம்முறையில் அவர்கள் துணிகளை உருவாக்கி விற்றார்கள். அவ்வாறு ஈட்டிய பொருளைக்கொண்டு அக்காலத்தில் மணல்வெளியாகக் கிடந்த கடற்கரை ஓரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966ஆம் ஆண்டில் கிராமம் உருவாயிற்று. கைவினைப் பொருள்கள் அன்றாடச் செலவுக்கு வழி செய்தன. எஞ்சிய நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரியதாயிற்று. அன்று நகருக்கு வெகு தொலைவில் இருந்த ஈஞ்சம்பாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. 2009இல் அங்கே ஒரு கலைக் காட்சியகமும் திறக்கப்பெற்றது.

இதில் கூட்டுறவாளர் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, அவர்கள் கையேந்தி நிற்கவில்லை. விலைபோகும் ஒரு பண்டத்தைச் செய்தார்கள். இரண்டாவது, தனித்தனியே அலையாமல் சேர்ந்து விற்றார்கள். மூன்றாவது, வந்த பணத்தைக் கொண்டு நிலத்தைத் தங்களுக்கு உரிமையாக்கிக்கொண்டார்கள். இம்மூன்றாவது மிக முக்கியமானது. கலைஞர்கள் குடியேறி அழகுபடுத்திய பகுதியில் வாடகை உயர, அக்கலைஞர்களே வெளியேற நேர்வது உலகின் பல நகரங்களில் நிகழ்ந்திருக்கிறது. நிலம் தங்களுடையதாக இருந்தமையால் சோழமண்டலத்தாருக்கு அந்நிலை நேரவில்லை.

இதே சென்னையில் மற்றொரு காட்சியையும் காணலாம். கால்வாய்க் கரைகளிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த ஏழை மக்களை அப்புறப்படுத்தி, 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் குடியமர்த்தினார்கள். அம்முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கும் நிலை இருந்தது. 2020ஆம் ஆண்டை ஒட்டி ஓவியர்கள் அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய சித்திரங்களைத் தீட்டினார்கள். இகழ்ச்சியாகப் பேசப்பட்ட ஊரைக் காண வெளியார் வரத் தொடங்கினர். இது சிறிய நன்மையன்று. எனினும் சுவரின் வண்ணம் குழாயில் தண்ணீரைக் கொண்டுவராது. தொலைந்துபோன பிழைப்பையும் மீட்டுத் தராது. அழகு வசதிக்குத் துணையாகலாமேயன்றி, அதற்கு ஈடாகாது.

நிற்க, நம் பக்கத்துக்கு வருவோம். ஒடுகத்தூர் சிற்றூர்தான், ஆனால் கைத்திறன் மிகுந்த வட்டாரத்தின் நடுவில் இருக்கிறது. ஒருபுறம் ஆம்பூரின் தோலும் காலணியும். மறுபுறம் குடியாத்தத்தின் கைத்தறி. அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயின் புகழ், 2023இல் வேலூரின் பெயரால் புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றது. தெருக்கூத்து இப்பகுதியின் பழஞ்செல்வம். வெள்ளிதோறும் ஒடுகத்தூரில் கூடும் ஆட்டுச் சந்தைக்குச் சுற்றுப்புறத்திலிருந்து மக்கள் திரளாக வருகின்றனர்.

இவற்றை ஒன்று சேர்க்கப் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. வட்டாரத்தில் எந்தக் கைக்கு எந்த வேலை தெரியும் என்பதைச் சங்கம் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கலாம். சந்தை நாளில் நெசவாளரும் தோல் வேலைக்காரரும் காய்கறி பயிரிடுவோரும் ஒரே பந்தலில் விற்க இடம் கேட்டுப் பெறலாம். அந்தி நேரத்தில் கூத்துக் கலைஞரை அழைக்கலாம். அவருக்குரிய ஊதியத்தை முன்னதாகவே பேசி முடிக்கவேண்டும். கலைஞருக்குச் சாப்பாடும் சால்வையும் போதும் என்ற பழைய வழக்கம் இனி ஆகாது. விற்ற பொருளின் விலையில் உற்பத்தியாளருக்கு எவ்வளவு, சங்கத்துக்கு எவ்வளவு என்பதைப் பந்தலிலேயே எழுதி ஒட்டலாம்.

நெசவாளருக்கு இது புதிய பாதையுமன்று. 1950களில் அமைந்த நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்கள் தறிக்கு ஏற்ற புதிய வடிவங்களை வரைந்து கொடுத்தார்கள், புகழ்பெற்ற கே. ஜி. சுப்பிரமணியனும் பம்பாய் மையத்தில் பணியாற்றியவரே. தூரிகையும் நாடாவும் அன்றே கைகோத்தவை.

ஊரை விட்டுப் போனால்தான் பிழைக்கலாம் என்று நம் பிள்ளைகள் எண்ணுவது அவர்கள் குற்றமன்று. இங்கே கற்ற தொழிலுக்கு இங்கேயே மதிப்பும் கூலியும் உண்டு என்று நாம் இன்னும் காட்டவில்லை. அதைக் காட்டும் பொறுப்பு சங்கத்தினுடையது. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை எடுத்து விவாதித்து, ஒரு சந்தை நாளையேனும் சோதனையாக நடத்திப் பார்ப்பார்களாக.