உரம் போட்டால் பூ குறையும்

லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் என்ற பண்ணையில் ஒரு புல்வெளி. ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இருவர் 1856-இல் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உரமாகப் போடத் தொடங்கினார்கள். எந்த உரத்துக்கு மாட்டுத் தீவனம் கூடுதலாக விளையும் என்று பார்ப்பதுதான் நோக்கம். புதிதாக விதை தூவவில்லை. முளைத்ததை அறுத்து எடை போட்டார்கள். சோதனை இன்றும் நடக்கிறது.

தழைச்சத்து போட்ட துண்டுகளில் புல் கொழுத்தது. ஆனால் செடி வகைகள் குறைந்துகொண்டே வந்தன. உரமே காணாத துண்டில் 35-க்கும் மேற்பட்ட இனங்கள் பூத்துக் கிடக்க, ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் போட்டு, சுண்ணாம்பு சேர்க்காமல் விட்ட துண்டில் இரண்டு மூன்று புல் இனங்களே மிஞ்சின. அந்த உரம் மண்ணை அமிலமாக்கும். பழியில் பாதியை அதன்மேல் போடலாம். ஆனால் மண்ணை அமிலமாக்காத சோடியம் நைட்ரேட் போட்ட துண்டுகளிலும் இனங்கள் குறைந்தன.

சத்து கூடினால் எல்லாச் செடிக்கும் நல்லதுதானே? மண்ணுக்கடியில் நடக்கும் போட்டி ஓரளவு நியாயமானது. வேர் எவ்வளவோ, பங்கும் ஏறக்குறைய அவ்வளவு. ஏழை மண்ணில் எவரும் பெரிதாக ஓங்க முடியாததால் குள்ளச் செடிக்கும் வெயில் கிடைக்கிறது. உரம் விழுந்ததும் போட்டி மேலே ஏறிவிடுகிறது. வெயில் மேலிருந்து மட்டும் வருவது. ஒரு விரற்கடை உயர்ந்து நிற்கிற இலை முதலில் அள்ளிக்கொள்ளும், கீழே இருப்பதற்கு மிச்சம்தான்.

சூரிச் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். உரமிட்ட புற்களின் அடியில், நிழலில் தவித்த செடிகளுக்கு நடுவே குழல்விளக்குகளைப் பொருத்தினார்கள். உரம் அப்படியே இருந்தும் இனங்கள் அழியவில்லை. 2009-இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அத்தனை எளிமையான சோதனை!

போட்டி செடியின் உடலையும் மாற்றுகிறது. ராதம்ஸ்டெட்டில் ஆந்தாக்சாந்தம் என்றொரு வாசனைப் புல் உண்டு. உயரமான பயிர் நின்ற துண்டிலிருந்தும், சில பத்து மீட்டர் தள்ளிக் குட்டைப் பயிர் நின்ற துண்டிலிருந்தும் அதை எடுத்து ஒரே மண்ணில் வளர்த்துப் பார்த்தார்கள். நெட்டையிடத்துப் புல் அங்கேயும் நெட்டையாகவே வளர்ந்தது.