‘மிஸ்ஸியம்மா’: திம்புள்ளையிலிருந்து ஒரு நோக்கு

1955 சனவரியில் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’வைத் தமிழ் ரசிகர்கள் களிப்பூட்டும் குடும்பச் சித்திரமாகவே நினைவிற் கொண்டுள்ளனர். அக்கணிப்பில் தவறில்லை. எல். வி. பிரசாத்தின் நெறியாள்கையும் சாவித்திரி, ஜெமினி கணேசன், தங்கவேலு ஆகியோரின் நடிப்பும் இன்றும் சலிப்புத் தட்டாதவை. ஆயின், வேற்றுமையைத் தமிழ்ச் சினிமா எவ்வாறு கையாண்டது என்பதை ஆராய்வோருக்கு இப்படத்திலும் பொருத்தமான சான்று அரிதெனலாம்.

ஜமீன்தார் ஒருவர், காணாமற்போன தம் மகள் மகாலட்சுமியின் நினைவாக நடத்தும் பாடசாலைக்குக் கணவன் மனைவியாக இரு ஆசிரியர்களைத் தேடுகின்றார். படித்தும் வேலையற்றிருந்த இந்துவான பாலுவும் கிறிஸ்தவப் பெண் மேரியும் தம்பதியராக நடித்து அவ்வேலையைப் பெறுகின்றனர். வறுமையே இப்பொய்யின் வேர். மேரி, டேவிட் என்பவனுக்குக் கடன்பட்டவள். அவ்வீட்டு ஆசாரங்களுக்கு அவள் முகஞ்சுளிப்பதும் பாலு சமாளிப்பதுமே நகைச்சுவையின் ஊற்று. மேரி கோபக்காரி, தன்மானமும் மிக்கவள். சிறுபான்மை மதத்துப் பெண்ணொருத்தி கதையின் நடுநாயகமாக அமைந்தமை அக்காலத்திற் சிறிய காரியமன்று.

எனினும் முடிவு யாது? காலிலுள்ள ஒரு மச்சம் மேரியே மகாலட்சுமி என நிறுவிவிடுகின்றது. மதங்கடந்த காதல் என்னும் சிக்கலைத் தீர்க்கவேண்டிய தேவையே இதனால் அற்றுப்போகின்றது. கிறிஸ்தவளாக வளர்ந்த அத்தனை ஆண்டுகளும் ஒரு வேடம்போலக் கழற்றி வைக்கப்படுகின்றன. வாழ்ந்த வாழ்விலும் பிறப்பின் அத்தாட்சியே வலியது என்கிறது படம்.

இவ்விடத்தில் திம்புள்ளையை நினையாதிருக்க எம்மால் இயலவில்லை. 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டு வந்த 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திற் பிறந்து கொழுந்து கொய்த தலைமுறைகளிடம் அத்தகைய பத்திரங்கள் ஏது? 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமோ, 1946 சனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து வதிந்திருக்க வேண்டுமென விதித்தது. (வேலைக்காக மணமானோராய் நடிக்கும் பாலுவையும் மேரியையும் கண்டு சிரிக்கையில் இவ்விதி நினைவுக்கு வரும்.) 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன, உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. 1952 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு ஓர் ஆசனமுமில்லை. ‘மிஸ்ஸியம்மா’ வெளியானபோது தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றோர். அவர்தம் காலில் மச்சம் தேட எவரும் வரவில்லை.

இலங்கையில் உருவான ‘கோமாளிகள்’ (1976) இதனோடு ஒப்பிடத்தக்கது. வானொலி நாடகமாகப் புகழ்பெற்றுத் திரைக்கு வந்த அதில், எஸ். ராம்தாஸின் மரைக்கார், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி, அப்துல் ஹமீதின் ஐயர், எஸ். செல்வசேகரனின் உபாலி ஆகிய நால்வரும் முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், பிராமணத் தமிழ், சிங்களவர் வாய்த்தமிழ் என நால்வகைத் தமிழ் பேசுகின்றனர். உச்சரிப்பைக் கொண்டு சிரிப்பூட்டுவது மலிவான உத்தி என்பாருளர். நால்வரும் ஒருவரையொருவர் சமமாக நையாண்டி செய்வதால் அக்குற்றச்சாட்டு இங்கு வலுவிழக்கின்றது என்பதே எமது கருத்து.

ஆனால் அந்நால்வருள் மலையகத்தார் இல்லை. தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ முந்திய ஆண்டிலேயே வந்துவிட்டது; இரண்டையும் நெறிப்படுத்தியவர் எஸ். இராமநாதனே. துரையையும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கேலிசெய்து லயத்து வாசலிற் பேசப்படும் அந்தத் தமிழ், மரைக்காருக்கும் அப்புக்குட்டிக்கும் பக்கத்தில் ஐந்தாவதாக அமரத் தக்கதே.