புத்லிபாய் விட்டுச்சென்ற விரதம்

காந்தியடிகளின் சிந்தனையை உருவாக்கியவர்களாக டால்ஸ்டாய், ரஸ்கின், ராய்ச்சந்திரர் ஆகியோரை ஆய்வாளர்கள் விரிவாகப் பேசுவதுண்டு. ஆனால் நூலோ உரையோ எதையும் விட்டுச்செல்லாமல், மகன் இலண்டனிலிருந்து திரும்புவதற்குள் 1891இல் மறைந்துவிட்ட அவருடைய தாயார் புத்லிபாயைப் பற்றிய பேச்சு, பக்தி மிக்கவர் என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மகனிடம் அவர் பதித்துச் சென்றவற்றுள் பக்தியைவிட ஆழமானது விரத ஒழுக்கம், அதாவது தாமே விரும்பி ஏற்ற ஒரு கட்டுப்பாட்டை எந்த நெருக்கடியிலும் தளர்த்தாமல் காக்கும் பழக்கம், என்பது காந்தியின் தன்வரலாறான சத்திய சோதனையை ஊன்றிப் படிப்போருக்குப் புலப்படும்.

போர்பந்தரிலும் ராஜ்கோட்டிலும் திவானாக, அதாவது சமஸ்தானத்தின் தலைமை நிர்வாகியாக, இருந்த கரம்சந்த் காந்தியின் நான்காம் மனைவியாகிய புத்லிபாய், வைணவ மரபோடு இஸ்லாமியக் கருத்துகளையும் ஏற்றுக்கொண்ட பிரணாமி என்னும் சமய நெறியைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்தவர். நிலவின் வளர்பிறை, தேய்பிறைக்கேற்ப உணவுக் கவளங்களைக் கூட்டியும் குறைத்தும் உண்ணும் சாந்திராயண விரதத்தின்போது நோயுற்றும் அதை அவர் கைவிடவில்லை. மழைக்காலத்து நான்கு மாதங்களாகிய சாதுர்மாசத்தில் ஓராண்டு, சூரியனைக் காணாமல் உண்பதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தார். வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கதிரவன் தலைகாட்டியதும் ஓடிவந்து சொல்வார்கள். அவர் வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிட்டால், அன்று தாம் உண்பதைக் கடவுள் விரும்பவில்லை என்று முகம் வாடாமல் சொல்லிவிட்டு வீட்டு வேலையைத் தொடர்வார். அரண்மனைப் பெண்களிடம் சமஸ்தான விவகாரங்களைப் பேசுமளவுக்கு உலக நடப்பு அறிந்தவர் அவர் என்பதையும் மகன் பதிவு செய்திருக்கிறார்.

1888இல் சட்டம் படிக்க இங்கிலாந்து செல்ல மகன் விரும்பியபோது, அங்கே போகும் இளைஞர்கள் கெட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்த தாய் தயங்கினார். குடும்பத்துக்கு ஆலோசகராக விளங்கிய பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாது, புலால் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் சத்தியம் செய்த பிறகே அவர் விடைகொடுத்தார். புலாலைத் தவிர்ப்பதற்கு இலண்டனில் அந்தச் சத்தியமே முதற்காரணமாக இருந்தது. ஹென்றி சால்ட் எழுதிய நூல் ஒன்றை ஒரு மரக்கறி உணவகத்தில் வாங்கிப் படித்த பின்னரே அது அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று. முட்டை புலாலில் சேராது என்று வாதிட்டவர்களின் பேச்சைக் கேட்டுச் சில நாள் முட்டை உண்டவர், சத்தியம் வாங்கியவர் எந்தப் பொருளில் வாங்கினாரோ அந்தப் பொருளே தம்மைக் கட்டுப்படுத்தும் என்றும், தாயைப் பொறுத்தவரை முட்டையும் புலாலே என்றும் முடிவுசெய்து அதை விட்டார்.

பாரிஸ்டராகிப் பம்பாயில் வந்திறங்கியபோதுதான் தாயின் மரணம் அவருக்குத் தெரியவந்தது. அயல்நாட்டில் அந்தச் செய்தி அவரை நிலைகுலையச் செய்துவிடக் கூடாது என்று தமையனார் மறைத்துவைத்திருந்தார். தந்தை இறந்தபோது உற்றதைவிடப் பெரிய துயரம் அது என்று பின்னாளில் எழுதிய காந்தி, அப்போது கண்ணீரைக்கூட அடக்கிக்கொண்டு அன்றாட வாழ்க்கையைத் தொடர்ந்ததாகக் குறிப்பிடுகிறார்.

அந்த இழப்புக்குப் பின் 27 ஆண்டுகள் கழித்து, 1918இல், வீட்டு விரதம் பொதுவாழ்வுக்கு வந்தது. கூலி உயர்வு கிடைக்கும் வரை வேலைக்குத் திரும்புவதில்லை என்று உறுதிமொழி எடுத்திருந்த அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் பட்டினியால் தளரத் தொடங்கியபோது, அவர்களுடைய சொல் காக்கப்பட வேண்டும் என்பதற்காகவே காந்தி உண்ணாநோன்பை அறிவித்தார். மூன்று நாளில் உடன்பாடு ஏற்பட்டது. தாயின் நோன்பு அவருக்கும் கடவுளுக்கும் இடைப்பட்டதாக இருக்க, மகனின் நோன்போ நண்பர்களாகவும் இருந்த ஆலை முதலாளிகளுக்கு நெருக்கடி தந்தது. அது ஒரு குறையே என்பதை அவர் மறைக்கவில்லை.

தாயிடமிருந்த எல்லாவற்றையும் மகன் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. வீட்டுக் கழிப்பிடத்தைத் துப்புரவு செய்ய வந்த ஊக்கா என்பவரைத் தொடக் கூடாது என்று தடுத்த தாயோடு சிறுவயதிலேயே வாதிட்டதை 1921ஆம் ஆண்டுச் சொற்பொழிவு ஒன்றில் அவர் நினைவுகூர்ந்தார். தாயின் உறுதியைத் தமதாக்கிக்கொண்டவர், அவர் கடைப்பிடித்த தீண்டாமையை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போராடினார்.

தாயிடம் பெற்ற அளவுகோல் எத்தனை கடுமையானது என்பதை வேறொரு நிகழ்ச்சி காட்டுகிறது. பால் அருந்துவதில்லை என்று தென்னாப்பிரிக்காவில் விரதம் பூண்டிருந்த காந்தி, இந்தியாவில் கடும் வயிற்றுக்கடுப்பால் மெலிந்து கிடந்தபோது, ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று மனைவி கஸ்தூர்பா எடுத்துச்சொல்ல, அதை ஏற்றார். விரதம் பூண்டபோது பசும்பாலும் எருமைப்பாலுமே மனத்தில் இருந்தன என்று தம்மை அவர் தேற்றிக்கொண்டாலும், பொதுப்பணிக்காக உயிர்வாழும் ஆசை விரதத்தின் எழுத்தை மட்டும் காத்து அதன் உயிரைக் கைவிட்டது என்றே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். முட்டையின் விஷயத்தில் தாயின் கருத்தைக் கொண்டு தீர்ப்புச் சொன்ன அதே மனம், தாய் அறியாத இந்த விரதத்திலும் அவரைக் குற்றவாளி என்றது.